கல்லில் இடம் பெறாதவர்கள்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் குடும்பங்கள் நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் தக்கலையைத் தாண்டியதும் புலியூர்க்குறிச்சி வரும். அங்குள்ள உதயகிரிக் கோட்டையை ஒரு முறையாவது இறங்கிப் பாருங்கள். பாழடைந்த சிற்றாலயம் ஒன்றில் டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுக் கைதியான டச்சுக் கம்பெனிக்காரர் அவர். பிறகு மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் படையைப் பழக்கி, 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் காலமானார். பக்கத்திலேயே மனைவி மார்கரீத்தாவும், 1765இல் களக்காட்டில் இறந்த மகன் யோவானும் உறங்குகிறார்கள்.

அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. லத்தீன் பாதிரிமாருக்கு, தமிழ் யாருக்கு? கோட்டையில் காவல் நின்றவர்களுக்கும், பீரங்கி வார்த்த பட்டறையில் உழைத்தவர்களுக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் படிப்பதற்குக் கல்லில் இடம் கிடைத்தது. அவர்கள் பெயருக்குக் கிடைக்கவில்லை. பிரபு குடும்பம் ஆலயத்துக்குள்ளே, ஊழியக்காரர் பெயரில்லா மண்மேட்டிலே. உலகமெங்கும் இதுதான் வழக்கம்.

விதிவிலக்கும் அருகிலேயே உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை ஊழியரான நீலகண்ட பிள்ளை, டிலனாய் வழியாகக் கிறிஸ்தவம் அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமான அவருக்கு 2022 மே 15இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இன்று கூட்டம் தேடிப் போவது கப்பித்தானின் கல்லறைக்கு அல்ல, ஊழியரின் கல்லறைக்குத்தான்!

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம்மவர் பலர் தாய் தந்தையர் கல்லறையில் ஒரு வரித் தமிழ்கூடச் சேர்ப்பதில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்கிறார்கள். வெளிநாட்டுக் கப்பித்தானுக்கே தமிழ் தேவைப்பட்டிருக்க, நம் அப்பாவுக்கு வேண்டாமா? அதோடு, நம் வீடுகளில் முப்பது நாற்பது வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, இங்கேயே கண்மூடிய ஆச்சிமார் எத்தனை பேர்! குடும்பக் கல்லில் அவர்கள் பெயரைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? 'ரத்த சம்பந்தம் இல்லையே' என்பவர்களிடம் எனக்குச் சண்டைதான்.

நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகிறவர்கள் ஒரு நோட்டுப்புத்தகமும் கொண்டு போகலாம். தேய்ந்து வரும் தமிழ்க் கற்களைப் படியெடுத்து, கல்லே இல்லாதவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதித் தாருங்கள். சங்கத்தின் ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒதுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.