யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்து வட்டக்கோட்டை மதிலை ஒட்டிய கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். கன்னங்கரேலென்று இருக்கும், வெயிலில் மினுங்கும், கையில் கனக்கும். இந்தக் கருமணலுக்குத்தான் இன்று இவ்வளவு போட்டி. இதே மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் 1909இல் கண்டறியப்பட்ட மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. மின்கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் உலகமே தேடும் அருமண் தனிமங்களும் இருக்கின்றன. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டதை 2024இல் மீனவக் கிராமங்கள் எதிர்த்தன. உடனே அந்தப் பழைய பேச்சு கிளம்பிவிட்டது: விவரம் தெரியாத சனங்கள் பயப்படுகிறார்கள், அறிவியலை எடுத்துச் சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

இதை அடியோடு மறுக்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்து மீனவர்களை வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் மறுபடியும் அதே கடலுக்குத்தான் போனார்கள். ஆபத்தைப் பற்றி இவர்களுக்கு வகுப்பெடுக்க யாருக்கு அருகதை உண்டு? பிறர் சுமத்தும் ஆபத்தைவிடத் தாமாக ஏற்கும் ஆபத்தை மனிதர்கள் பல மடங்கு தாங்குவார்கள் என்று சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969லேயே எழுதினார். கடலுக்குப் போவது மீனவர் தாமே எடுக்கும் முடிவு; கிடைக்கும் மீனும் அவருடையது. மணல் விஷயத்தில் முடிவும் லாபமும் வெளியூருக்கு, கடலரிப்பும் நோய்க் கவலையும் உள்ளூருக்கு. இந்தக் கணக்கைப் போடப் பட்டப்படிப்பு வேண்டாம்.

கூடங்குளத்தில் நடந்ததும் இதுதான். அணுமின் நிலையத்துக்கு முதலில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கொண்டுபோகத்தான் திட்டம் போட்டார்கள். நாஞ்சில் நாட்டு வயலுக்குப் பாயும் தண்ணீர் அது. உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையை நிலையத்திலேயே கட்டினார்கள். அப்படியானால் உழவர் கேட்டது அறியாமையா, நியாயமா?

2012இல், அந்த நிலையத்தை எதிர்த்த இடிந்தகரைப் போராட்டக்காரர்களுக்கு மனநல ஆலோசனை தர பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்களை அனுப்ப மத்திய அரசு முனைந்தது. அதே ஆண்டில் நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொன்னது மத்தியத் தகவல் ஆணையம். நிலையத்தை நடத்தும் அணுமின் கழகமோ நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கும் பாய்ந்தது. படிக்க வேண்டிய தாளைப் பூட்டிவைத்துவிட்டு, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பழிப்பது அநியாயம்.

மோனசைட்டைப் பிரித்தெடுத்தால் கரையின் கதிர்வீச்சு குறையும் என்று சொல்கிறார்கள். சரியாகவே இருக்கட்டும். ஊரார் நம்பும் ஆட்களைக் கொண்டு அளந்து, ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள். நடந்ததோ நேர்மாறு. மோனசைட் போன்ற அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டுவிட்டது. கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்வதைவிடக் கேட்கும் இடத்தையே மூடுவது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். முழு அறிக்கையையும் தமிழில் தந்து, கருத்துக்கேட்பை அந்தந்தக் கடற்கரை ஊரிலேயே நடத்த வேண்டும். ஊர் வேண்டாம் என்றால் அந்தப் பதிலையும் ஏற்க வேண்டும்.