முதல் உடைக்கு எந்த நிறம்?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டுப் பழமொழி. நாட்டிய மேடையில் இந்தக் கணக்குச் சற்றே மாறும். அங்கே ஆட்டம் முக்கால், ஆடை கால் என்பேன். ஆனால் அந்தக் கால் பங்குக்காகத்தான் பல வீடுகளில் அடகுக் கடைப் படியேற வேண்டியிருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் பரதநாட்டியம் பயின்ற மாணவியர் சிலர் வந்து சேர்கின்றனர். மாணவரும் ஓரிருவர் உண்டு. கல்லூரி நாள், பொங்கல் விழா, பாவேந்தர் பாடல்களுக்கு ஆடும் நிகழ்ச்சி, நவம்பர் 1 விடுதலை நாள் விழா என ஆண்டு முழுவதும் அவர்களுக்கு மேடை காத்திருக்கிறது. ஆயின் அவர்களுள் பலருக்கு முதல் பட்டு உடையே ஒரே பட்டு உடை. பட்டுச் சேலை ஒன்றை வாங்கி, அதை வெட்டி, அளவெடுத்துத் தைத்து முடிப்பதற்குள் பல ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும். வெட்டிய சேலையைத் திரும்பக் கட்டவும் முடியாது. எனவே, அந்த ஒரே உடைக்கு எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. சிக்கனத்தைப் பற்றிய கேள்வி. ஆடுபவரின் தன்மானத்தைப் பற்றிய கேள்வியுங்கூட.

இதில் என் கருத்து ஒன்றே. முதல் உடையின் நிறத்தை ஆட்டத்தின் தேவையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். ஆடுபவளின் மேனி நிறத்தைக் கொண்டு அன்று.

நிறத்தைப் பற்றிப் பேசப் புதுவை மண்ணுக்கு உரிமை உண்டு. 1945-ல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்றே அவர் கருதினார். 19-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி 'கினி' என்ற பெயரில் கப்பலேறி, ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றது. அரிக்கமேடு இருக்கும் அதே அரியாங்குப்பத்தில்தான் இன்று பாரதியார் பல்கலைக்கூடம் மாணவர்க்கு நாட்டியம் கற்பிக்கிறது. சாயமும் சதங்கையும் அண்டை வீட்டுக்காரர்களாக வாழும் ஊர் நம்முடையது!

இனி, ஒரே உடை என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, அது எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்த வேண்டும். நாடகத்தில் அரசனுக்கு ஓர் உடை, ஆண்டிக்கு ஓர் உடை. பரதத்தில் அப்படியில்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கும் வரை ஒருத்தியே ஆடுகிறாள். ஒரே வர்ணத்துக்குள் அவளே தலைவி, அவளே தோழி, அவளே மயில்மேல் வரும் முருகன். முழு வெள்ளை உடுத்தினால் பார்ப்பவர் மனம் கலைமகளிடம் போய் நின்றுவிடும். முழு நீலம் உடுத்தினால் கண்ணனிடம் போய் நின்றுவிடும். இரண்டாவது உடை, மூன்றாவது உடை வாங்கும் வசதி உள்ளவர்கள் அப்படி வாங்கட்டும். முதல் உடை எந்தக் கதைக்கும் தன்னை ஒப்புக்கொடுக்கும் நிறமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அது எந்த விளக்குக்கும் எந்தத் திரைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைச் சொல்கிறார். மூவகைத் திரைகளைச் சொல்கிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததையும் மறவாமல் சொல்கிறார். ஆட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது. இன்று நாம் ஆடும் இடங்களோ பலவகை. ஒரு நாள் கம்பன் கலையரங்கம், மறுநாள் கல்லூரித் திறந்தவெளி, இன்னொரு நாள் கடற்கரைக் காந்தி திடல். சிவப்பு விளக்கு விழுந்தால் பச்சைப் பட்டு ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். நீல விளக்கு விழுந்தால் சிவப்புப் பட்டு மங்கிவிடும். கருந்திரைக்கு முன்னால் கருநீலம் கரைந்துபோகும். நம் ஊர் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவருக்கு முன்னால் மஞ்சள் உடை சுவரோடு சுவராகிவிடும். ஆகவே, ஒரே நிறத்தை மட்டும் நம்புவது ஆபத்து. உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிரான நிறம் என்று இருந்தால், ஒன்று மங்கும்போது மற்றொன்று கைகொடுக்கும்.

கரையின் பெருமை அத்துடன் முடிவதில்லை. அரைமண்டியில் அமரும்போது முன்புற விசிறி மடிப்பு விரிகிறதே, அந்த விரிப்பைக் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் காட்டுவது கரைதான். உடலும் கரையும் ஒரே நிறமானால் விசிறி விரிந்தும் விரியாதது போலத் தோன்றும். முழங்கால் எவ்வளவு மடிந்தது, மண்டி எவ்வளவு தாழ்ந்தது என்பதும் தெரியாமல் போகும். அரும்பாடுபட்டுப் பயின்ற அரைமண்டியை ஆடையே மறைத்தால் யாருக்கு இலாபம்?

மூன்றாவது, அது உழைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆடினால் உடை வியர்வையில் நனைகிறது. பட்டை அடிக்கடி துவைக்கவும் இயலாது. நிழலில் உலர்த்தி மடித்து வைப்பதே வழக்கம். சந்தன நிறம், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் போன்ற மெல்லிய நிறங்களில் வியர்வைக் கறை அப்படியே படம் வரைந்துவிடும். பாதத்தில் இட்ட செஞ்சாயம் கால் பகுதியின் ஓரத்தில் ஒட்டினால் அதுவும் போகாது. அழுத்தமான நிறங்கள் இக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

நான்காவது, நகையோடு ஒத்துப்போக வேண்டும். வடசேரி வேலைப்பாட்டு வழியில் வரும் நாட்டிய நகைகளில் பொன்னிறத்தின்மேல் சிவப்புக் கற்களே மிகுதி. இடையிடையே பச்சையும் வெள்ளையும் வரும். ஒரு செட் நகையே வாங்க முடிந்தவர்களுக்கு, அந்தச் சிவப்பும் பொன்னும் எந்த உடையில் எடுப்பாக இருக்கும் என்பதும் ஒரு கணக்குத்தானே!

இந்த நான்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நமக்கு மிஞ்சுவன சில நிறங்களே. அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையும் என் முதல் தேர்வு. ராமர் பச்சை உடலும் அரக்குக் கரையும் இரண்டாவது. மயில்கழுத்து நிறம் மூன்றாவது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்யப்படுவதால், ஆடுபவள் திரும்பும்போதெல்லாம் அது நீலமாகவும் பச்சையாகவும் மாறிமாறித் தெரியும். ஒரே உடையில் இரண்டு உடை! கத்தரிப்பூ நிறத்துக்கு மஞ்சள் கரையும் நன்று. பெரிய பெரிய பூவேலைகள் வேண்டா. உடலில் சிறு புட்டாவும், கரையில் அளவான சரிகையும் போதும். ஒரு முறை கண்ட பெரிய பூவைக் கூட்டம் மறுமுறையும் அடையாளம் கண்டுகொள்ளும். அடக்கமான அரக்கை யாரும் எண்ணி வைத்துக்கொள்வதில்லை. கரை நிறத்திலேயே இன்னொரு இரவிக்கையும் மேலாக்கும் தைத்து வைத்துக்கொண்டால், அடுத்த மேடைக்கு அதே உடை புதிதாகத் தோன்றும். தையற்காரரிடம் உள்தையலில் இரண்டு விரற்கடைத் துணி விடச் சொல்வதும் அவசியம். நிறம் பத்தாண்டு நிற்கும். உடம்பு அதே அளவில் நிற்காது.

இத்தனையும் கணக்கு. இனி நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருகிறேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு முதல் உடை எடுக்க அவள் தாயாருடன் நானும் ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். அவள் கை அரக்குப் பட்டின் மேல் போயிற்று. கடைக்காரர் அதை மடித்து வைத்துவிட்டு, "பாப்பா கொஞ்சம் மாநிறம் கம்மி, இது எடுக்காதும்மா, லைட் கலரா காட்டறேன்" என்றார். தாயாரும் தலையசைத்தார். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று வாங்கியது வெளிர் ரோஜா நிறம். இரண்டே நிகழ்ச்சிகளில் அக்குளிலும் முதுகிலும் கறை படிந்து, அவ்வுடை இப்போது பெட்டிக்குள் கிடக்கிறது. மூன்றாவது நிகழ்ச்சிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 'என் நிறத்துக்கு நல்ல நிறம் எடுக்காது' என்ற எண்ணம் அவள் மனத்தில் விழுந்ததே, அந்தக் கறையை எந்தச் சலவைக்காரர் போக்குவார்?

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்காரரின் கூற்று கலைக்கணக்கிலும் தவறு. கருமேனிக்கு அரக்கும் பச்சையும் மஞ்சளும் எவ்வளவு பொருந்தும் என்பதை நம் கோயில்களில் அலங்காரம் செய்யும் அர்ச்சகரைக் கேட்டால் சொல்வார். கருங்கல் அம்மனுக்கு அரக்குப் பட்டு உடுத்திக் கைகூப்புகிற நாம், அதே நிறத்து மகளுக்கு அந்தப் பட்டை மறுக்கிறோம்!

வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. கடலூருக்கு அருகில் உள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசியர் குழு ஒன்று 1838-ல் பிரான்சு நாட்டுக்குச் சென்று பாரிஸ் மேடையில் ஆடியது. அவர்களுள் அம்மணி என்பவரின் ஆட்டத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே வியந்து எழுதினார். பார் என்ற சிற்பி அவரை வெண்கலச் சிலையாகவே வடித்தார். அந்தச் சிலையில் பட்டின் நிறமும் இல்லை, சிவப்புக் கல்லும் இல்லை. இருப்பது வெண்கலத்தின் நிறம் ஒன்றே. அதிலும் ஆட்டம் தெரிகிறது.

"நிறத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பாலசரசுவதி அம்மையார் சேலையைக் கட்டிக்கொண்டு ஆடவில்லையா?" என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் கேட்கலாம். உண்மையே. இன்று நாம் காணும் தைத்த உடை 1930-களுக்குப் பின் பரவியது. 1935-ல் அடையாற்றில் மேடையேறி, மறு ஆண்டே கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அம்மையாருக்கு அதில் பெரும் பங்குண்டு. சேலையோடு ஆடுவதை நானும் வரவேற்கிறேன். ஆனால் போட்டி மேடையில் தைத்த உடை அணிந்து வரும் பத்துப் பேருக்கு நடுவே, பருத்திச் சேலையோடு ஒருத்தி மட்டும் நிற்கும் துணிவை முதலாண்டு மாணவியிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் கல்லூரி நுண்கலை மன்றம் அரக்கு உடலும் மஞ்சள் கரையும் கொண்ட உடைகள் நான்கைந்தை, நாடாவும் கொக்கியும் வைத்து எந்த அளவுக்கும் கூட்டிக் குறைக்கும்படி தைத்து வைக்கலாம். படிப்பு முடித்துச் செல்லும் அக்காமார் தங்கள் உடைகளை அந்த அலமாரிக்குக் கொடுத்துச் செல்லலாம். எல்லாம் ஒரே நிறமாயிருப்பின் குழு நடனத்துக்கும் உதவும்; யாருடையது இரவல், யாருடையது சொந்தம் என்று எவராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. உடை இல்லாத காரணத்தால் ஒருத்தியும், 'உன் நிறத்துக்கு எடுக்காது' என்ற சொல்லால் இன்னொருத்தியும் மேடையை விட்டு விலகும் நிலை நம் கல்லூரியிலாவது இல்லாதிருக்கட்டும்.

திரை விலகியதும் கூட்டம் முதலில் பட்டைப் பார்க்கும். அது இயல்பு. நட்டுவனார் தாளம் தட்டத் தொடங்கிய பிறகும் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், குறை நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. நல்ல நிறம் ஆட்டத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும்.