கதையில் பெயர் உண்டு, எந்திரத்தில் இல்லை

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950-களில் இரண்டு மாணவர்கள் பௌதிகம் படித்தார்கள். ஒருவர் ராமேசுவரத்துப் பிள்ளை. மற்றவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் இருவரும் படித்தார்கள். முன்னவர் டாக்டர் அப்துல் கலாம். பின்னவர் எஸ்.ரங்கராஜன், அதாவது நம் சுஜாதா.

சுஜாதா 2008 பிப்ரவரி 27-ந் தேதி காலமானார். கலாம் 2015-ல் மறைந்தார். சுஜாதாவை நினைவுகூர்கிறவர்கள் "கலாமின் கல்லூரித் தோழர்" என்று மறக்காமல் சேர்க்கிறார்கள். கதைகளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். ஆனால் பெங்களூர் ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவர் பார்த்த உத்தியோகத்துக்கு அரை வரிதான். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவரும் நம்மைப்போல மாதச் சம்பளக்காரர். கணேஷும் வசந்தும் ஆபீசு நேரம் போக மிச்ச நேரத்தில் வளர்ந்தவர்கள். ஆபீசில் என்ன செய்தார்? மின்னணு ஓட்டு எந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வை பார்த்தார்.

1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் ஓட்டு எந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 பாராளுமன்றத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் எந்திரம்தான். அப்போது ஜனாதிபதி யார்? அதே கல்லூரித் தோழர் கலாம்!

எல்லாம் ஒருவரே செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஐதராபாத்திலுள்ள இன்னொரு பொதுத்துறை நிறுவனமும் இந்த எந்திரத்தைத் தயாரிக்கிறது. தொழிற்சாலை வேலை தனி ஆளால் ஆவதல்ல. அதனால்தான் யார் பெயரும் வெளியே தெரிவதில்லை. ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இது பழகிய சங்கதி. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், யார் வேலை பார்த்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. சுஜாதா கதைக்குக்கூட மனைவியின் பெயரைத்தான் போட்டுக்கொண்டார். எழுத்துலகில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்தார் என்பது காரணம்.

சுஜாதாவுக்குக் கூட்டம் நடத்தும் பெங்களூர்த் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்தாளர்களோடு, அவருடன் ஜாலஹள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் மேடைக்கு அழையுங்கள். எஞ்சினீயர்கள் மட்டும் போதாது. பிட்டர், டிராப்ட்ஸ்மேன், ஸ்டோர் குமாஸ்தா எல்லோரும் வரட்டும். ரங்கராஜன் சார் ஆபீசில் எப்படி இருந்தார், எந்திரம் எப்படி உருவாயிற்று என்று அவர்கள் சொல்லக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.