ஆள் மாறாட்டம்

இரண்டாம் பாகம் எடுப்பதற்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும். முதல் பாகத்தில் வந்தவன் அப்புறம் என்ன ஆனான் என்று நாம் ஏங்க வேண்டும். 2018-ல் வந்த 'இருட்டு அறையில் முரட்டு குத்து' படத்தைப் பார்த்துவிட்டு அப்படி யாராவது ஏங்கினீர்களா? கௌதம் கார்த்திக்குக்கு அதில் என்ன பெயர் என்றாவது ஞாபகம் இருக்கிறதா?

2020 தீபாவளிக்கு 'இரண்டாம் குத்து' வந்தது. கௌதம் கார்த்திக் இல்லை. இயக்குநர் சந்தோஷ் பி.ஜெயக்குமாரே ஹீரோவாகிவிட்டார்!

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'குட்வில்' தெரியும். முதலாளி மாறினாலும் கடைப் பெயரை நம்பி வரும் கூட்டத்தின் மதிப்பு அது. இந்தக் கடையில் ஹீரோ, ஹீரோயின், பேய் எல்லாமே மாற்றிக்கொள்ளும் சரக்கு. மாறாத ஒரே சொத்து தலைப்பில் இருக்கும் 'குத்து'தான்.

போஸ்டரைப் பார்த்து பாரதிராஜா கண்டித்தார். பதிலுக்கு, 1981-ல் அவர் எடுத்த 'டிக் டிக் டிக்' போஸ்டரைக் காட்டினார் சந்தோஷ். பிறகு வருத்தமும் தெரிவித்தார். கேள்வி நியாயமானதுதான். ஆனால், 'அன்றைக்கு நீ செய்தாயே' என்பது என்றைக்கும் ஒரு சமாதானம் ஆகாது.

'ஏ சர்டிஃபிகேட் வாங்கியிருக்கோமே, பிடிக்காதவன் போகாதே' என்பார்கள். சார், அந்த சர்டிஃபிகேட் தியேட்டர் வாசலோடு சரி. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டருக்குக் கீழே நின்று பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண் எந்த டிக்கெட்டை வாங்கினாள்?

நேரத்தையும் பாருங்கள். கொரோனாவால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தமிழகத் தியேட்டர்கள் 2020 நவம்பர் 10-ம் தேதி, பாதி இருக்கைகளோடு திறந்தன. பயந்து கிடக்கும் குடும்பங்களைக் கையைப் பிடித்துக் கூப்பிட வேண்டிய நேரம். அந்த வாரம் வந்த புதுப் படங்களில் ஒன்று இது! நஷ்டம் யாருக்கு? சின்ன ஊர் தியேட்டர்காரருக்குத்தான்.

தடை செய்யச் சொல்லவில்லை. தடை என்பது இலவச விளம்பரம். இரட்டை அர்த்தமே கூடாது என்றும் சொல்லவில்லை. 1983-ல் 'முந்தானை முடிச்சு' முருங்கைக்காய்க்குத் தாய்மார்களே சிரித்தார்கள். காரணம், அங்கே மனிதர்கள் இருந்தார்கள். அந்தப் படத்தில் ஊர்வசிக்குப் பதிலாக வேறு ஒருத்தரைக் கற்பனை செய்ய முடிகிறதா?

திருக்கோவிலூரிலும் ஓர் இருட்டு அறைக் கதை உண்டு. மழை ராத்திரி. ஒருத்தர் படுக்கலாம், இரண்டு பேர் உட்காரலாம், மூன்று பேர் நிற்கலாம் என்கிற அளவுக்கு ஒரு இடைகழி. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒட்டி நிற்க, நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள். யாரென்று பார்த்தால், பெருமாள்!

இருட்டு இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, பெயரில் பேய்கூட இருக்கிறது. ஆனால், அந்த மூன்று பேரில் ஒருத்தரைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டுப் பாருங்கள். முடியாது. கதை என்றால் அதுதான். மற்றதெல்லாம் வெறும் இருட்டு!