விரைவும் சிக்கனமும்

விரைந்து செல்ல விரும்புவது மனித இயல்பு. நடந்து சென்றவன் வண்டி பூட்டினான். வண்டியில் சென்றவன் இரயிலில் ஏறினான். பின்னர் வானிலும் பறந்தான். விரைவு பெருகப் பெருக எரிபொருட் செலவும் பெருகியது, காற்றும் மாசுற்றது. ஆதலின் விரைவும் சிக்கனமும் ஓரிடத்தில் வாழா எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்கு ஜப்பானின் விரைவு இரயில் சான்றாகும்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ‘ஷிங்கான்சென்’ என்னும் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணியாகச் சுருங்கியது. இன்று அப்பயணத்திற்கு இரண்டரை மணியும் வேண்டுவதில்லை.

இத்துணை விரைவிலும் சிக்கனம் எவ்வாறு இயலும்? மணலில் வண்டியிழுக்கும் மாடுகள் படும் பாட்டையும், கெட்டியான சாலையில் அவை எளிதாய் நடப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு. அடுத்த பகை காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எனினும், பதினாறு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கையில், முதற்பெட்டி காற்றைப் பிளக்க, ஏனையவை அவ்வழியே தொடர்கின்றன. 1,300 பேருக்கு மேல் அமரும் அவ்வண்டியில், ஆளுக்குரிய செலவு சிறிதாகிவிடுகிறது.

ஜப்பானியப் பொறியாளர் இதனோடு அமையவில்லை. 1992இல் எஃகுப் பெட்டிகளுக்கு மாறாக, எடை குறைந்த அலுமினியப் பெட்டிகளை ஓடவிட்டனர். வண்டியின் வேகத்தைத் தணிக்கும்போது அவ்வோட்டத்தையே மின்சாரமாக்கிக் கம்பிக்குத் திருப்பியனுப்பும் முறையையும் அவற்றில் அமைத்தனர். விரைவு இரயில் சுரங்கவழியில் புகும்போது, நெருக்குண்ட காற்று மறுவாயிலில் வெடியென முழங்கி அண்டை வாழ்வாரை வருத்தியது. அதற்கும் ஒரு தீர்வு பிறந்தது. நீரைச் சிதறாமல் மூழ்கும் மீன்கொத்தியின் அலகைக் கண்டு, 1997இல் ஓடத் தொடங்கிய வண்டிக்கு நீண்டு கூர்த்த முகப்பை வகுத்தனர். இயற்கையைக் காக்க முயன்றோர்க்கு இயற்கையே ஆசானாயிற்று!

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘அதே வண்டி மெல்லச் சென்றால் இன்னும் குறைவாகத்தானே செலவாகும்?’ உண்மையே. ஆனால், வண்டி மெல்லச் சென்றால் மக்கள் விமானத்தையும் காரையும் நாடுவர். ஸ்பெயின் நாட்டில் மாட்ரிட், பார்சலோனா நகரங்களை 2008இல் விரைவு இரயில் இணைத்தது. அதன் பின்னர், அவ்வழியில் விமானத்தில் பறந்தோருள் பெரும்பாலோர் இரயிலுக்கு மாறினர். விரைவால் மிகும் செலவு சிறிது. வானூர்தியைத் தவிர்ப்பதால் வரும் சேமிப்போ பெரிது.

ஆயின், விரைவு இரயில் எவ்விடத்தும் நன்மையே செய்யும் என்று கருதுதல் பிழை. நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தால் ஓடினால், புகை வண்டியைவிட்டு மின்நிலையத்திற்கு இடம் மாறுமேயன்றி மறையாது. பாதை அமைக்கப் பெருமளவு சிமெண்டும் எஃகும் வேண்டும். அவற்றை ஆக்குவதிலும் மாசு உண்டு. இருக்கைகள் வெறுமையாய் ஓடும் வண்டி அக்கடனை என்று தீர்க்கும்? ஜப்பானிலேயே, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவல்ல காந்த இரயிலுக்காக மலையைக் குடைய முற்பட்டபோது, ஓய் ஆற்றின் நீர் குறையுமென்று அஞ்சி ஷிசுவோக்கா மாநிலம் பல்லாண்டுகள் இசைவு தரவில்லை. அவ்வாற்று நீரை நம்பி வாழும் உழவனுக்குப் பயணியின் சில நிமிடங்கள் ஈடாகுமா?

ஆகவே, ஓர் ஊர்தியை மதிப்பிடுங்கால், ‘எவ்வளவு விரைவாகச் செல்கிறது?’ என்று மட்டும் கேட்டல் போதாது. எத்தனை பேரைச் சுமக்கிறது, எங்கிருந்து ஆற்றல் பெறுகிறது, செல்லும் வழியில் எதனை அழிக்கிறது என்றும் கேட்டல் வேண்டும். இம்மூன்றிற்கும் நேர்மையான விடை தரும் விரைவே நாட்டிற்கு ஆக்கம். நாளைய பாதைகளை வகுக்கப் போகின்றவர்கள் நீங்களே. இக்கேள்விகளைக் கேட்க இன்றே பழகுங்கள்.