வேகமா, பற்றரியா?

2004 சுனாமியன்று கல்முனைக் கரையோரத்தில் தொலைபேசித் தொடர்பு அறுந்து நாம் பட்ட பாடு மறக்காது. கோபுரம் இல்லாமலே போனுக்குப் போன் செய்தி கடத்தும் வலையமைப்பு சாத்தியம்தான். ஆனால் கரண்ட் இல்லாத நாளில் பற்றரிதான் உயிர். செய்தியெல்லாம் மிகக் குறுகிய பாதையிலேயே போனால் நடுவிலிருக்கும் போன் முதலில் சாகும். அதோடு ஊர் இரண்டு துண்டு.

2000இல் எம்ஐடி ஆய்வாளர்கள் உணரிகளுக்காக முன்வைத்த 'லீச்' முறையில், அயலவரின் தகவலைச் சேர்த்து அனுப்பும் பாரமான வேலை சுற்றுமுறையில் மாறும். சந்தூக்கை நாம் தோள் மாற்றிச் சுமப்பதில்லையா, அப்படித்தான்.

பாடசாலைக் கண்காட்சிகளிலோ வேகத்துக்குத்தான் கைதட்டு. எந்தப் பற்றரி முதலில் தீர்ந்தது என்று ஐசிடி பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் நாங்கள் இம்முறை கேட்கப்போகிறோம். பார்க்க வரும் நீங்களும் கேளுங்கள்.