குதிகால் வலியும் அதிர்வலைச் சிகிச்சையும்

சூளகிரியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய மடல் என் மேசைமீது கிடக்கிறது. கணவரை இழந்தவர். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்றபடியே பொருள்களைச் சோதித்து அனுப்பும் பணி.

"காலையில் பாயை விட்டெழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அறைந்தாற்போல் வலிக்கிறது. பத்தடி நடந்தால் சற்றுத் தணிகிறது. மாலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது மீண்டும் அதே வேதனை. ஏழு மாதமாக மாத்திரையும் தைலமுமாகக் காலம் போகிறது. ஷாக் வேவ் சிகிச்சை எடுத்தால் குணமாகும் என்கிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருக்கும் பணத்திலிருந்துதான் கட்டவேண்டும். கட்டலாமா? மின்சாரம் பாய்ச்சுவார்களாமே, அச்சமாகவும் இருக்கிறது" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி, அச்சத்தை முதலில் போக்கிவிடுவோம். இது மின்சாரத்தை உடலில் பாய்ச்சும் சிகிச்சையன்று. ஒலியைப் போன்ற அழுத்த அலைகளைக் கருவியொன்றின் முனை வழியாக வலியுள்ள இடத்தில் செலுத்துவதே இம்முறை. தமிழில் அதிர்வலை என்போம். இதன் பிறப்பு விந்தையானது. மிகு வேகத்தில் பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன நேரும் என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியின் வழியே, உடலை அறுக்காமல் சிறுநீரகக் கல்லை உடைக்கும் முறை உருவாயிற்று. 1980ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மியூனிக் நகரில் மருத்துவர் கிறிஸ்டியன் சவுசியின் குழுவினர் முதல் நோயாளிக்கு அதைச் செய்தனர். பின்னர் எலும்பு, தசைநார் நோய்களுக்கும் அதே அலைகளைப் பயன்படுத்தலாயினர். நாட்பட்ட குதிகால் வலிக்கு இக்கருவியைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது.

கல்லை உடைப்பதுபோல் இங்கு எதையும் உடைப்பதில்லை. குதிகாலில் முள் வளர்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னால், அலை அந்த முள்ளைப் பொடியாக்கிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. முள் இருந்தும் வலியே அறியாதவர் பலர். பெரும்பாலும் நோவது, குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் விரிந்து கிடக்கும் கெட்டியான நார்ப்பட்டை. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த அது முதல் அடியில் திடீரென இழுபடுகிறது. காலை வேதனைக்கு அதுவே காரணம். நாட்பட்டு ஆறாமல் நிற்கும் அவ்விடத்தை அலைகள் தட்டியெழுப்பி, குருதியோட்டத்தைப் பெருக்கி, ஆறுதலை மீண்டும் தொடங்கி வைக்கின்றன என்பது மருத்துவர்களின் கருத்து. வழக்கமாக வாரம் ஒருமுறையென மூன்று முதல் ஐந்து முறை செய்வர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டாயிரம் தட்டுகள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். செய்யும்போது வலிக்கும். பயனும் உடனே தெரியாது. பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆய்வுகளில் பலருக்கு நலம் கிட்டியுள்ளது. எனினும் எல்லாருக்கும் கிட்டவில்லை.

கருப்பமுற்ற தாய்மாரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், அவ்விடத்தில் புண்ணோ கட்டியோ உள்ளவரும் இதைச் செய்துகொள்ளலாகாது. 'பேஸ்மேக்கர்' பொருத்தியிருப்போர் அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

அழகுவாயிலில் பேதுரு எழுப்பிய கால் ஊனமுற்றவரைப் பற்றிச் சொல்லுகையில், காலடியும் கணுக்காலும் வலுப்பெற்றதை லூக்கா தனித்தனியே குறித்து வைத்தார், மருத்துவரல்லவா! வலி எவ்விடத்தில், எப்போது என்பதே இங்கும் முதற்கேள்வி. சற்றுத் தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் அடங்குமாயின் அது இரத்தக்குழாய் அடைப்பாகலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும். எல்லாக் கால்வலிக்கும் ஒரே கருவி என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அவரை விட்டு விலகுங்கள். 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் எலும்பு மருத்துவரைக் கண்டு, நோய் இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டாயின் அந்த அட்டையையும் பயன்படுத்துங்கள். அது உங்கள் பணமே.

பணத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள் என்பேன். எளிய முறைகளைச் சில மாதங்கள் செய்தும் பயனில்லாதவர்க்கே அதிர்வலை உரியது. நீங்களோ அவற்றை இன்னும் தொடங்கவில்லை. காலையில் தரையில் அடி வைக்குமுன் அமர்ந்து, வலிக்கும் காலை மற்ற முழங்கால்மீது வைத்து, விரல்களைக் கையால் பின்னோக்கி இழுங்கள். உள்ளங்கால் நார் விறைப்பது கைக்குத் தெரியவேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இவ்வாறு பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் வேண்டும். வீட்டுச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடவாமல் மெத்தென்ற செருப்பு அணியுங்கள். இவ்வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடுவதைக் காண்கிறோம். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் விரைவில் சுகம் தெரியும். ஆனால் அச்சுகம் நெடுநாள் நிற்பதில்லை, சிலருக்கு நார் அறுந்துபோவதும் உண்டு.

நம் பாட்டிமார் செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பிக் குதிகாலை வைக்கச் சொல்வர். இதமான சூட்டில் குற்றமில்லை. ஆனால் நீரிழிவால் உணர்விழந்த காலுக்கு அது பெருந்தீங்கு. வெந்ததே தெரியாமல் புண்ணாகி, கால் இழக்கும் நிலை வரக்கூடும்.

எட்டு மணி நேரம் நின்றேயாக வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. அதை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். நின்று வேலை செய்வோர் இடையிடையே அமர வசதி வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு பணித்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. கடைகளில் நிற்போருக்கும் இருக்கை தரவேண்டுமெனத் தமிழக அரசு 2021இல் சட்டம் திருத்தியது. ஒரு முக்காலியின் விலை எத்தனை? தனியாகக் கேட்க அச்சமாயின், உடன் பணிபுரியும் பெண்கள் நால்வர் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலியிலும் வலி மிகுந்தால் தயங்காமல் அமருங்கள். எந்தப் பங்குத்தந்தையும் குறை சொல்லார்.

மூன்று மாதம் பயிற்சி செய்தபின் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போதும் முதல் அடி இதேபோல் வலித்தால், அதிர்வலைச் சிகிச்சைக்கு எங்கே செல்வது, எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு என்று முன்னதாகவே எப்படிக் கேட்டறிவது என்பதைச் சேர்ந்து பார்ப்போம். மகளின் கட்டணத்தை உரிய நாளில் கட்டிவிடுங்கள்.